குன்னத்துக் கல்லும் பதினாறு பிட் படமும்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டிய ஒரு நீர்நிலையில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று பேச்சு கிளம்ப, கைபேசியில் எடுத்த படங்கள் தமிழகம் முழுக்கப் பரவின. புவியியல் அறிந்தவர்கள் வந்து பார்த்தபின் உண்மை தெரிந்தது. அவை முட்டைகள் அல்ல. பழைய கடலடிச் சேற்றில், சுருள் ஓடுடைய அம்மோனைட் போன்ற கடலுயிரிகளின் எச்சங்களோடு சுண்ணாம்பு இறுகித் திரண்ட கற்கள் அவை.

அந்த வதந்தியை ஊராரின் அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகளைக் கண்டதாக அறிவித்திருந்தார்கள். பக்கத்து வட்டாரத்தில் அப்படி ஒரு செய்தி வந்திருக்க, உருண்டையான கல்லைப் பார்த்தவர்களுக்கு முட்டை நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. மேலும், கல்லின் வெளிவடிவம் உள்ளே இருப்பதைச் சொல்லாது. உடைத்துப் பார்க்கலாம், அறுத்து மெருகேற்றிப் பார்க்கலாம். ஆனால் அதன்பின் அந்தக் கல் பழைய கல்லாக இருக்காது. கல்லைச் சேதப்படுத்தாமல் உள்ளே பார்க்க இன்றைக்கு உள்ள நல்ல வழி எக்ஸ்-கதிர் சிடி, அதாவது பல கோணங்களில் படமெடுத்து உட்புறத்தைக் கணினியில் மறுகட்டமைக்கும் முறை. அந்தக் கருவி தருவது பல நூறு, பல ஆயிரம் கிரேஸ்கேல் படங்கள். ஒவ்வொரு பிக்சலும் டிடெக்டர் அளந்த ஓர் எண். அந்த எண் டிடெக்டரிலிருந்து வட்டுக்குப் போகும் வழியில் கெடாமல் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். கருவியியல் ஆய்வகங்களில் பழக்கமான லேப்வியூ நிரல்சூழலே இங்கே எடுத்துக்காட்டு.

இந்தப் பாறைக்கு ஏன் இத்தனை பிட்

குன்னத்தைச் சுற்றிய பெரம்பலூர், அரியலூர் நிலம் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் காலம் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். அவற்றிலிருந்து கிடைத்த தொல்லுயிர் எச்சங்களைத் தொல்லுயிரியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஷ்கா 1860-களிலும் 1870-களின் தொடக்கத்திலும் நுணுக்கமான கல்லச்சுப் படங்களோடு விவரித்து வெளியிட்டார். இன்றும் இந்த மண்ணில் ஓர் அம்மோனைட்டை இனங்காண முயல்பவர் அந்தப் பழைய தொகுதிகளைப் புரட்டாமல் இருக்க முடியாது.

எக்ஸ்-கதிர் படத்தில் பிரகாசமும் இருளும் பொருளின் அடர்த்தியையும் அதிலுள்ள தனிமங்களையும் பொறுத்தவை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சுண்ணாம்புத் திரளுக்குள் இருக்கும் சிப்பியும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான், அதைச் சூழ்ந்த கல்லும் பெரும்பாலும் அதேதான். கால்சைட்டின் அடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்குச் சுமார் 2.71 கிராம். சிப்பி தன் பழைய அரகோனைட் வடிவிலேயே தப்பியிருந்தால் 2.93 கிராம். காலப்போக்கில் அதுவும் கால்சைட்டாக மாறியிருந்தால் வேறுபாடு இன்னும் சுருங்கும். சுவரையும் அதற்குள் நிரம்பிய சேற்றையும் பிரித்துக் காட்டுவது படத்தில் ஒரு மெல்லிய சாம்பல் வேறுபாடு மட்டுமே.

எண்களாகப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு 16 பிட் படத்தில் ஒரு பிக்சல் 0 முதல் 65,535 வரை எந்த மதிப்பையும் ஏற்கும். கல்லின் சராசரி மதிப்பு 21,000 என்றும் சிப்பிச் சுவரின் மதிப்பு 21,180 என்றும் எடுத்துக்கொள்வோம். நடுவே 180 படிகள் உள்ளன, இரண்டையும் நிரல் எளிதாகப் பிரித்துவிடும். இதையே அளவைக் குறைத்து 8 பிட்டுக்கு மாற்றினால் ஒவ்வொரு மதிப்பும் 256-ஆல் வகுக்கப்படும். 21,000 என்பது 82 ஆகும். 21,180 என்பதும் 82 ஆகும். சுவர் மறைந்துவிட்டது. ரூபாயை நூறு நூறாக மட்டுமே எழுதும் கணக்குநோட்டில் எண்பது ரூபாய் கடன் எங்கும் பதிவாகாது. எட்டு பிட் படத்துக்குள் இந்த அம்மோனைட்டின் கதியும் அதுதான். பின்னால் எந்த மென்பொருளாலும் அந்த 180 படிகளைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இதோடு இரும்பும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். கல்லுக்குள் பைரைட் போன்ற இரும்புத் தாது ஒரு துணுக்கு இருந்தாலும் அதன் அடர்த்தி 5 கிராம் அளவில் இருக்கும். தானாகப் பிரகாசத்தைச் சரிசெய்யும் எந்த நிரலும் அந்தத் துணுக்கை உச்ச வெண்மையாக வைத்து மற்றதையெல்லாம் கீழே அமுக்கும். பார்க்க வேண்டிய சிப்பியும் கல்லும் ஒரே சாம்பல் திட்டாகிவிடும்.

பதிவைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அரியலூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளை வைத்து புவியியலாளர்கள் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1980-களின் இறுதியில் புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரை விவரித்தார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர் நீளம். தோண்டி எடுத்துப் பொதிந்து வைத்த நிலையிலேயே அந்த எலும்புகள் நொறுங்கி அழிந்தன என்று 2017-இல் எழுதப்பட்டது. உலகின் மிகப்பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய அந்த உயிரிக்கு மிஞ்சியவை கோட்டுப் படங்களும் சில பழைய புகைப்படங்களும்தான். அந்தப் புகைப்படங்களில் சில 2022-இல்தான் அச்சேறின. கல் அழியலாம். அதற்குப்பின் படமே மூலம். மூலத்தைச் சேமிப்பவர் அந்தப் பொறுப்போடு சேமிக்க வேண்டும்.

நீலக் கம்பி ஒன்றுபோல் இருக்கும்

லேப்வியூவை ஆஸ்டின் நகரத்து நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. 2023-இல் அந்த நிறுவனம் எமர்சன் நிறுவனத்தின் கைக்குப் போனது. வரி வரியாக நிரல் எழுதாமல், பிளாக் டயகிராமில் சிறு சிறு பெட்டிகளைக் கம்பியால் இணைப்பதே இதன் முறை. தனி வேலை ஒன்றைச் செய்யும் நிரல் பெட்டிக்கு விஐ என்று பெயர். 2020 முதல் வணிகம் சாராத பயன்பாட்டுக்குக் கம்யூனிட்டி பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. கேமரா, டிடெக்டர், சுழல்மேடை, எக்ஸ்-கதிர்க் குழாய் ஆகியவற்றை ஒரே இடத்திலிருந்து இயக்க முடிவதால் ஆய்வகங்கள் இதை விரும்புகின்றன.

இதில் கம்பியின் நிறம் தரவின் வகையைக் காட்டும். ஆரஞ்சு என்றால் தசம எண், நீலம் என்றால் முழு எண். 8 பிட் முழு எண்ணும் நீலம், 16 பிட் முழு எண்ணும் அதே நீலம். கண் ஏமாறுவது இங்கேதான். 16 பிட் எண்களின் அடுக்கை, அதாவது அரேவை, 8 பிட் முனையில் கொண்டுபோய் இணைத்தாலும் லேப்வியூ மறுக்காது, கம்பி உடையாது, நிரல் ஓடும். இணைத்த முனையில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி மட்டும் தோன்றும். அதற்குக் கோயர்ஷன் டாட் என்று பெயர். வகை மாற்றப்படுகிறது என்பதற்கு லேப்வியூ தரும் ஒரே அடையாளம் அது. படம் சேமிக்கும் நிரலில் அந்தப் புள்ளி எங்கே தெரிந்தாலும் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

ஏனென்றால், பெரிய முழு எண்ணைச் சிறிய முழு எண்ணாக மாற்றும்போது லேப்வியூ அளவைக் குறைப்பதில்லை. கீழ்ப்பகுதி பிட்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேற்பகுதியை வெட்டிவிடும். 21,000 என்பது 8 ஆகிறது, 21,180 என்பது 188 ஆகிறது. 256-ஐத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் மதிப்பு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மெல்ல மாறும் பரப்பின்மேல் இது வரிவரியான பட்டைகளை வரைந்துவிடும். அம்மோனைட்டில் வளைகோடுகளும் அறைச்சுவர்களின் தையல் கோடுகளும்தான் இனங்காணும் அடையாளம். இல்லாத வளையங்களை நிரல் வரைந்து தந்தால் அதை வளர்ச்சிக் கோடு என்று ஒருவர் எண்ணக்கூடும். கறுத்துப்போன படம் குறையைத் தானே காட்டிவிடும். அழகான பட்டைகளோடு வரும் தவறான படம் ஆளை ஏமாற்றும் என்பதால் அதுவே அதிக ஆபத்து.

வழி தவறும் முதல் இடம் கேமரா. பல கேமராக்கள் மோனோ8 என்ற அமைப்போடுதான் வருகின்றன. மோனோ12 அல்லது மோனோ16 என்று மாற்றாவிட்டால் பின்னால் எத்தனை கவனம் வைத்தும் பயனில்லை. இரண்டாவது இடம், லேப்வியூவின் படச் செயலாக்கத் தொகுப்பான ஐமேக்கில் படத்துக்கான நினைவகத்தை உருவாக்கும் ஐமேக் கிரியேட் விஐ. வகை எதுவும் சொல்லாமல் விட்டால் அது 8 பிட் படத்தையே உருவாக்கும். கிரேஸ்கேல் யு16 என்ற மாறிலியை அதன் முனையில் இணைத்தாக வேண்டும். மூன்றாவது, அரேவைப் படமாக்கும் விஐ. அதில் யு8, ஐ16, யு16 என்று தனித்தனி முனைகள் அருகருகே இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்துக் கம்பி சரியான முனையில் சேர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்வது நல்லது.

ஐ16-க்கும் யு16-க்கும் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றும். யு16 பூஜ்யத்திலிருந்து 65,535 வரை போகும். ஐ16 குறை 32,768-இலிருந்து 32,767 வரை. டிடெக்டர் தந்த 40,000 என்ற மதிப்பு ஐ16 கம்பியில் குறை 25,536 என்று தெரியும். 12 பிட், 14 பிட் கேமராக்களில் மதிப்பு அவ்வளவு உயரத்துக்குப் போகாது, ஆகவே தவறு வெளிப்படாமலே இருக்கும். 16 பிட் டிடெக்டர் வந்த நாளில்தான் பிரகாசமான பகுதிகள் திடீரெனக் கறுக்கும். மேலும், ஐ16 போன்ற குறியுள்ள படத்தை பிஎன்ஜி கோப்பாக எழுதும்போது அதைக் குறியில்லாத எண்ணாக்க ஒரு மாற்றம் நடக்கிறது, யூஸ் பிட் டெப்த் என்ற தேர்வைப் பொறுத்து அந்த மாற்றமும் வேறுபடுகிறது. தொடக்கத்திலிருந்தே யு16-ஐ வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி முழுவதும் இல்லை.

திரையைச் சேமிப்பது சேமிப்பல்ல

நிரலின் திரைப்பக்கமான ஃப்ரண்ட் பேனலில் இன்டென்சிட்டி கிராஃபை வலச்சொடுக்கி ஏற்றுமதி செய்வதும், கெட் இமேஜ் முறையால் அதை எடுத்துக் கோப்பாக்குவதும் பலருக்குப் பழக்கம். கிடைப்பது திரையின் படம். நிற அட்டவணை, அச்சுக் கோடுகள், திரையின் அளவுக்குச் சுருங்கிய பிக்சல்கள் எல்லாம் அதில் இருக்கும், அளந்த எண்கள் இருக்காது. அறிக்கையில் ஒட்ட அது போதும். ஆய்வுக்கு அது உதவாது.

லேப்வியூவோடு வரும் கிராஃபிக்ஸ் ஃபார்மட்ஸ் தொகுப்பில் ரைட் பிஎன்ஜி என்ற விஐ உண்டு. பெயரைப் பார்த்து அதைப் பயன்படுத்தினால் ஏமாற்றமே. அது ஏற்கும் ஆழங்கள் 1, 4, 8, 24 பிட் மட்டும். பிஎன்ஜி வடிவம் 16 பிட் கிரேஸ்கேலைத் தாங்கும், அந்த விஐ தாங்காது. ஐமேக் தொகுப்பில் உள்ள டிஃப், பிஎன்ஜி எழுதும் விஐ-களே 16 பிட்டுக்கு உரியவை. பிஎம்பி இதற்கு ஆகாது. வழக்கமான ஜேபெக் 8 பிட்டோடு நின்றுவிடும், அதுவும் இழப்புள்ள சுருக்கம். டிஃப் என்று பெயர் இருப்பதாலேயே பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். டிஃப் கோப்புக்குள் ஜேபெக் சுருக்கத்தையும் வைக்க முடியும். சுருக்கம் வேண்டாம் என்றோ, இழப்பில்லாத ஜிப் என்றோ தெளிவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதிகம் பேர் குழம்புவது 12 பிட் கேமராவில். படத்தைச் சரியாகவே டிஃப் கோப்பில் எழுதியிருப்பார்கள். கணினியின் சாதாரணப் படக்காட்டியில் திறந்தால் முழுக்கக் கறுப்பு. கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி, தானியங்கிப் பிரகாசச் சரிசெய்தலைப் போட்டு மறுபடி சேமிப்பார்கள். உண்மையில் கோப்பில் எந்தக் குறையும் இல்லை. 12 பிட்டின் உச்சம் 4,095. படக்காட்டி 65,535-ஐ வெள்ளையாகக் கொள்வதால் 4,095 என்பது முழு வெண்மையில் பதினாறில் ஒரு பங்குதான். ஒவ்வொரு படத்தையும் அதனதன் உச்சத்துக்கு இழுத்துச் சேமித்தால் படத்துக்குப் படம் அளவுகோல் மாறும். சிடி மறுகட்டமைப்பில் அது கோடுகளாக வெளிப்படும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் எல்லாப் படங்களையும் ஒரே எண்ணால், அதாவது 16-ஆல் பெருக்கலாம். அதைவிட நல்லது, மூலத்தை அப்படியே விட்டு, பார்ப்பதற்கென்று தனியாக ஒரு 8 பிட் நகல் எடுப்பது. மூலம் ஒரு கோப்புறை, பார்வை நகல் வேறு கோப்புறை.

கணக்குப் போடும் இடங்களிலும் இதே கவனம் தேவை. இரைச்சலைக் குறைக்க 16 படங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது வழக்கம். யு16 கம்பியிலேயே கூட்டினால் 21,000-இன் பதினாறு மடங்கான 3,36,000 அதில் அடங்காது. 65,536-ஐத் தாண்டும்போதெல்லாம் சுற்றி வந்து கடைசியில் 8,320 என்று நிற்கும். அதைப் பதினாறால் வகுத்தால் 520. பிழைச் செய்தி எதுவும் வராது. கூட்டும் முன் யு32-க்கோ தசம எண்ணுக்கோ மாற்றிவிட வேண்டும். கழித்தலிலும் இதே கதைதான். எக்ஸ்-கதிர் இல்லாத இருட்டுப் படத்தைக் கழிக்கும்போது 98-இலிருந்து 101 போனால் குறை 3 வர வேண்டும். யு16-இல் அது 65,533 ஆகும். கறுப்புப் பின்னணியில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் கழித்தலைத்தான்.

பைட்டின் வரிசையும் படத்தின் கைப்பக்கமும்

ஐமேக் இல்லாதவர்கள் பிக்சல்களை நேரடியாக பைனரி கோப்பாக எழுதுவார்கள். தவறில்லை, ஆனால் ஒன்றைத் தெரிந்து செய்ய வேண்டும். 16 பிட் எண் இரண்டு பைட்டாக வட்டில் இறங்குகிறது. பெரிய பைட் முன்னால் வருமா, சிறிய பைட் முன்னால் வருமா என்பதில் கணினி உலகில் இரண்டு வழக்கங்கள் உண்டு. லேப்வியூ தானாக எழுதும்போது பெரியதை முன்னால் வைக்கும். இன்றைய பெரும்பாலான கணினிகளும் கேமராக்களும் சிறியதை முன்னால் வைக்கும். மாற்றிப் படித்தால் 1,000 என்ற மதிப்பு 59,395 ஆகும். படத்தில் உருவம் மங்கலாகத் தெரியும், ஆனால் முழுக்கப் பொரிபொரியாக இருக்கும். பைனரி எழுதும் விஐ-யில் பைட் வரிசைக்கென்று ஒரு முனை இருக்கிறது, அதைச் சும்மா விடக் கூடாது. டிஃப் கோப்பில் முதல் இரண்டு எழுத்துகளே எந்த வரிசை என்று அறிவித்துவிடும். பிஎன்ஜியில் எப்போதும் பெரியதே முன்னால். இந்த வசதிக்காகவே, முடிந்தவரை பைனரியைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது திசை. லேப்வியூவின் இன்டென்சிட்டி கிராஃப் அரேயின் வரிசையை கிடை அச்சில் வைக்கும், தொடக்கப் புள்ளியைக் கீழ் இடது மூலையில் வைக்கும். திரையில் நேராகத் தெரியட்டும் என்று அரேவை டிரான்ஸ்போஸ் செய்து, அதாவது வரிசையையும் நெடுவரிசையையும் இடம் மாற்றி, அந்தக் கம்பியையே சேமிக்கும் விஐ-க்கும் இழுத்துவிட்டால் கோப்பில் கண்ணாடிப் பிம்பம் இறங்கும். ஒரே தளத்தில் சுருண்ட அம்மோனைட்டில் இதைக் கவனிக்காமல் போகலாம். ஊட்டத்தூர்த் தொகுதிப் பாறைகளில் டுரிலைட்டஸ் என்ற வகையும் கிடைக்கிறது. அது நத்தைபோல் கோபுரமாகச் சுருண்டது. இடமா வலமா என்பது அதன் விவரிப்பில் முக்கியமான செய்தி. கண்ணாடிப் பிம்பம் அதைத் தலைகீழாக்கிவிடும். திரைக்குப் போகும் கிளையை வேறாகப் பிரித்து, டிரான்ஸ்போஸை அந்தக் கிளையில் மட்டும் போட வேண்டும்.

கல்லை வைக்கும் முன் ஒரு சோதனைப் படம்

கேமராவையே இணைக்காமல் செய்யக்கூடிய சோதனை இது, ஒவ்வொரு புதிய நிரலுக்கும் செய்ய வேண்டியது. ஃபார் லூப்பை 65,536 முறை சுழலவிட்டு, சுற்று எண்ணை யு16-ஆக மாற்றி அரேயாக்க வேண்டும். அதை ரீஷேப் அரே மூலம் 128 வரிசை, 512 நெடுவரிசையாக அமைத்தால் ஒரு 16 பிட் எண் ஏற்கக்கூடிய எல்லா மதிப்பும் ஒரு முறை மட்டும் இடம்பெறும் படம் கிடைக்கும். 256-க்கு 256 என்று சதுரமாக அமைக்கத்தான் முதலில் தோன்றும். அது சரிப்படாது. அந்தச் சதுரத்தில் பைட் வரிசை மாறினாலும், படம் டிரான்ஸ்போஸ் ஆனாலும் விளைவு அச்சாக ஒன்றே. எந்தக் குறை என்று பிரித்தறிய முடியாது. இரண்டும் சேர்ந்து நடந்தாலோ ஒன்றையொன்று மறைத்துவிடும். செவ்வகத்தில் அந்தக் குழப்பம் வராது.

இந்தப் படத்தைத் தன் நிரலின் வழக்கமான வழியிலேயே சேமித்து, வேறொரு மென்பொருளில் திறக்க வேண்டும். எழுதிய லேப்வியூவிலேயே படித்தால் இரு பக்கமும் ஒரே தவறு நடந்து சரியாகத் தெரியலாம். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பாண்ட் 1997-இல் உருவாக்கிய இமேஜ்ஜே இலவசம், இதற்கு மிகப் பொருத்தம். படத்தின் மேலே அளவு 512, 128 என்றும், 16 பிட் என்றும், 128 கே என்றும் காட்ட வேண்டும். 64 கே என்றால் பாதி போய்விட்டது. ஹிஸ்டோகிராமில் குறைந்தது 0, அதிகம் 65,535, சராசரி 32,767.5. பிறகு சுட்டியை 488-ஆவது நெடுவரிசை, 1-ஆவது வரிசையில் வைத்தால் 1000 என்று வர வேண்டும். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே 59,395 வந்தால் பைட் வரிசை மாறியிருக்கிறது. அகலமும் உயரமும் இடம் மாறியிருந்தால் எங்கோ ஒரு டிரான்ஸ்போஸ் ஒளிந்திருக்கிறது. இமேஜ்ஜேயில் பிரகாசப் பலகையைத் திறந்து இழுத்துப் பார்ப்பதில் கெடுதல் இல்லை. அப்ளை பொத்தானை மட்டும் மூலப் படத்தில் அழுத்தக் கூடாது, அது பிக்சல் மதிப்புகளையே மாற்றிவிடும்.

கோப்பைக் கொடுத்தனுப்பும்போது

2,048-க்கு 2,048 பிக்சல் டிடெக்டரில் ஒரு 16 பிட் படம் சுமார் 8 எம்பி. ஒரு கல்லைச் சுற்றி 1,800 கோணங்களில் எடுத்தால் 15 ஜிபி. எல்லாவற்றையும் ஒரே டிஃப் அடுக்காக்க நினைக்கக் கூடாது. வழக்கமான டிஃப் 4 ஜிபியைத் தாண்டாது. படத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்து, எண்களை 0001, 0002 என்று பூஜ்யத்தோடு தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் 1-க்கு அடுத்து 10-உம் 100-உம் வந்து நின்று, கல் தாறுமாறாகச் சுழன்றதாக மறுகட்டமைப்பு நிரல் எடுத்துக்கொள்ளும்.

அதே கோப்புறையில் எளிய உரைக்கோப்பு ஒன்று அவசியம். கல் எந்த ஊரில், எந்தப் படிவத்தில் கிடந்தது, குழாயின் மின்னழுத்தம், ஒளிப்பதிவு நேரம், ஒரு பிக்சல் எத்தனை மைக்ரோமீட்டர், எத்தனை பிட் உண்மையில் நிரம்பியவை, ஏதாவது எண்ணால் பெருக்கியிருந்தால் எந்த எண் என்று அதில் எழுத வேண்டும். இருட்டுப் படங்களையும், கல் இல்லாமல் எடுத்த வெற்றுப் படங்களையும், திருத்தத்துக்குப் பின் அழித்துவிடாமல் மூலத்தோடே வைக்க வேண்டும். நாளைக்கு இன்னும் நல்ல திருத்தமுறை வரும்போது அவை வேண்டியிருக்கும். ஐமேக்கின் சொந்த வடிவமான ஏஐபிடி தசம எண் படங்களையும் தாங்கும், ஆனால் வெளி மென்பொருள்களில் அதைத் திறப்பது கடினம். நெடுநாள் காப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது 8 பிட் ஜேபெக்காகச் சுருங்கிவிடும். ஆவணம் என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். பெறுபவர் பைத்தானில் ஓப்பன்சிவி கொண்டு திறப்பவராக இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எந்தக் குறிப்பும் கொடுக்காமல் படித்தால் ஓப்பன்சிவி அதை மூன்று நிற 8 பிட் படமாக மாற்றித்தான் தரும். மாற்றாமல் படி என்ற கொடியைச் சேர்த்தால்தான் 16 பிட் கையில் கிடைக்கும். அனுப்பும் தொகுப்பின் முதல் கோப்பாக அந்த 128 வரிசைச் சோதனைப் படத்தையும் வைத்துவிட்டால், கல்லின் படத்தைத் தொடும் முன் அவர் தன் நிரலில் அதைத் திறந்து, அந்தப் பிக்சலில் 1000 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.